இறால் குளத்து மோட்டாருக்கு ஸ்டெபிலைசர் மட்டும் போதுமா?

கிணற்று மோட்டார் எரிந்துவிட்டால் பயிர் ஒரு தண்ணீர் காயும். காயில் கட்டி வந்து அடுத்த வாரம் பாய்ச்சிக் கொள்ளலாம். இறால் குளத்தில் ஏரேட்டர் மோட்டார் எரிந்தால் அப்படித் தவணை கிடையாது. இரவு முழுவதும் பாசியும் இறாலும் நீரிலுள்ள பிராணவாயுவை இழுத்துக் கொள்வதால் விடியற்காலையில் அது மிகவும் குறைந்திருக்கும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் காப்பது ஏரேட்டர்தான். நெருக்கமாகக் குஞ்சு விட்ட குளத்தில் அது நின்று போனால் சில மணி நேரத்தில் இறால் கரை ஒதுங்கத் தொடங்கும்.

செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில், உப்பங்கழி ஓரமாக மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் உள்ளது. கொடுவா மீனை வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்வித்து 1997ஆம் ஆண்டு குஞ்சு எடுத்த நிறுவனம் இது. குஞ்சு பொரிப்பகமானாலும் சரி, ஒரு ஏக்கர் குளமானாலும் சரி, உவர்நீர் வளர்ப்பு மோட்டாரை நம்பியே நடக்கிறது.

மும்முனை மோட்டாருக்கு 415 வோல்ட் வேண்டும். இதில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம் என்று 1956ஆம் ஆண்டு மின்சார விதிகள் வகுத்தன. அதாவது 390 முதல் 440 வரை. டிரான்ஸ்பார்மருக்கு வெகு தூரத்தில், கம்பியின் கடைசியில் குளம் வெட்டியவருக்கு இது எப்போதும் கிடைத்து விடுவதில்லை. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதே வேலைக்கு அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் சூடாகும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் கிளப்பும் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சுவிட்சைப் போட்டதும் சுழலாமல் உறுமுவது இதனால்தான். அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே நிறுத்த வேண்டும்.

இதற்குத்தான் சர்வோ ஸ்டெபிலைசர். உள்ளே ஒரு சிறு மோட்டார் கார்பன் பிரஷை நகர்த்தி வோல்டேஜை ஏற்றி இறக்குகிறது. மூன்று பேஸையும் தனித்தனியே சரி செய்யும் வகையாகப் பார்த்து வாங்குவது நலம். 2 குதிரைசக்தி ஏரேட்டர் இரண்டு ஓடினால் சுமார் 7 ஆம்பியர், 5 கே.வி.ஏ. ஆகும். ஆனால் நேரடியாகக் கிளம்பும்போது மோட்டார் ஆறு மடங்கு வரை இழுக்கும். எனவே 10 கே.வி.ஏ. எடுப்பது நிம்மதி. இரண்டையும் ஒரே நேரத்தில் போடாமல் ஒன்று வேகம் பிடித்த பின் மற்றதைப் போட வேண்டும். எத்தனை வோல்ட் வரை குறைந்தாலும் ஏற்றித் தரும் என்பது ஸ்டெபிலைசரின் தகட்டிலேயே இருக்கும். 340 வரைதான் தாங்கும் கருவியை 300 வோல்ட் வரும் இடத்தில் வைத்துப் பயனில்லை.

கடைக்காரர் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. 340 வோல்ட்டை 415 ஆக்கி 7 ஆம்பியர் கொடுக்க, கம்பியிலிருந்து எட்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரில் பத்துப் பேரும் இதை வைத்தால் கம்பியில் வோல்டேஜ் மேலும் இறங்கும். கருவி இல்லாத ஏழை விவசாயியின் மோட்டார்தான் முதலில் புகையும். ஆகவே குறைவு நிரந்தரமாக இருந்தால் பக்கத்துக்காரர்கள் கூடி மின் வாரியத்தில் மனுக் கொடுத்து டிரான்ஸ்பார்மரையும் கம்பியையும் கவனிக்கச் செய்வதே முதல் வேலை.

ஒரு பேஸ் போய்விட்டால் ஸ்டெபிலைசர் காப்பாற்றாது. அதற்குத் தனியாக பேஸ் பிரிவென்டர் வேண்டும். ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டிலுள்ள ஆம்பியருக்கு வைக்க வேண்டும். அடிக்கடி விழுகிறதே என்று ரிலேயைக் கட்டி வைப்பவர் மோட்டாரைத் தாமே எரிக்கிறார். கண்டன்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டும் பழக்கமும் அப்படியே.

கடற்கரையில் உப்புக் காற்று இன்னொரு எதிரி. ஸ்டெபிலைசரையும் ஸ்டார்ட்டரையும் கரை மேல் திறந்த கொட்டகையில் வைத்தால் காண்டாக்ட் பச்சை பூத்துவிடும். காற்றோட்டமுள்ள அறையில், தரையிலிருந்து உயர்த்தி வைத்து, மெயினை நிறுத்திய பிறகு மாதம் ஒரு முறை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு துடைக்கச் செய்ய வேண்டும். உவர்நீரில் மின்கசிவு உயிருக்கே ஆபத்து என்பதால் நல்ல எர்த்தும் ஈ.எல்.சி.பி.யும் இல்லாமல் ஏரேட்டரை ஓட்டலாகாது.

மின்சாரம் அடியோடு நின்றால் டீசல் ஜெனரேட்டர்தான் துணை. அதை வாரம் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, டேங்கில் எண்ணெய் இருக்கிறதா என்று மாலையிலேயே கவனித்துக் கொள்ள வேண்டும்.