பாதி வயலில் மிஷின் நின்றால்? பழைய அறுவடை இயந்திரங்களுக்கு உயிர் கொடுக்கும் லேத் பட்டறைகள்!

கதிர் முற்றிவிட்டது. நாளை மழை என்று வானிலை அறிவிப்பும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, பாதி வயலில் அறுவடை இயந்திரம் நின்றுபோனால்? சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் நெல் முளைவிட்டுவிடும். ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டினால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் சிக்கல்தான். பல மாத உழைப்பை ஒரு சின்ன பேரிங் வீணாக்கிவிடும்.

இந்தியாவில் தயாரான முதல் தானியங்கி அறுவடை இயந்திரமான 'ஸ்வராஜ் 8100' வந்தது 1980-ல். அடுத்து 1990-களில் வந்த கிளாஸ் நிறுவனத்தின் 'க்ராப் டைகர்', சேற்றில் புதையாத பெல்ட் வண்டியாகவும் கிடைத்ததால் நெல் வயல்களில் இடம்பிடித்தது. அந்த நிறுவனத்தின் இந்தியப் பிரிவை ஜப்பானின் யன்மார் வாங்குவதாக 2024-ல் அறிவிப்பு வந்தது. கம்பெனி கைமாறலாம், மாடல் நின்றுபோகலாம். வயலில் ஓடும் பழைய வண்டி ஓடித்தானே ஆகவேண்டும்? புது வண்டியின் விலையோ லட்சங்களில்!

எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

பழைய மிஷின் என்றாலே ஸ்பேர் கிடைக்காது என்று பயப்படத் தேவையில்லை. பேரிங், வி-பெல்ட், ஆயில் சீல் ஆகியவை பெரும்பாலும் பொது அளவுகளில் வருபவை. அளவைச் சொல்லும் எண் அவற்றின் மீதே இருக்கும். உதாரணத்துக்கு, பேரிங்கில் 6205 என்று இருந்தால் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., தடிமன் 15 மி.மீ. எந்த பேரிங் கடையிலும் கேட்டு வாங்கலாம். எண் அழிவதற்குள் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மாதிரி இருந்தால் மறுபிறவி

கடையில் கிடைக்காத புஷ், ஷாஃப்ட், புல்லி போன்றவற்றுக்கு லேத் பட்டறைதான் வழி. தாம்பரம், பல்லாவரத்துக்கு அருகில் இருக்கும் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில் இந்த வேலை தெரிந்த சிறு பட்டறைகள் உண்டு. அங்கிருந்து புறப்பட்டால் வாலாஜாபாத், உத்திரமேரூர் நெல் வயல்கள் அதிக தூரமில்லை.

பட்டறைக்குப் போகும்போது தேய்ந்த பாகத்தை மட்டும் கொண்டுபோனால் போதாது. அதை அப்படியே அளந்தால், தேய்மானமும் சேர்ந்து புதுப் பாகத்தில் வந்துவிடும். தேயாத ஓரத்தில் அளவெடுக்க வேண்டும். அதோடு இணைந்து ஓடும் பாகத்தையும் எடுத்துப்போனால் பொருத்திப் பார்த்தே கடைந்து வாங்கலாம். எந்த வகை இரும்பு, பதம் ஏற்ற வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்வது அவசியம். சாதா இரும்பில் கடைந்தது ஒரு சீசன்கூடத் தாங்காது.

கதிரடிக்கும் டிரம்மில் ஒரு பல் உடைந்தால், அதற்கு நேர் எதிரே இருக்கும் பல்லையும் சேர்த்து மாற்றுவது வழக்கம். ஒரு பக்கம் எடை கூடினால் டிரம் அதிரும்; அந்த அதிர்வே அடுத்த பேரிங்கைத் தின்றுவிடும்.

சீசன் முடிந்த வாரம் முக்கியம்

நவரை அறுவடை முடிந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டால், அடுத்த சீசனில்தான் செலவு தெரியும். உள்ளே தங்கிய நெல்லைத் தேடி எலி வரும். வந்த எலி வயரையும் கடிக்கும். எனவே, இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, முதலில் உள்ளே இருக்கும் நெல்லையும் வைக்கோலையும் சுத்தமாக வெளியேற்ற வேண்டும். பிறகு செய்யவேண்டியவை:

* ரேடியேட்டர் வலையில் அடைத்த தூசியை ஊதி எடுப்பது. அடைத்தால் இன்ஜின் சூடேறும்.
* சைலன்சர் பக்கம் ஒட்டிய வைக்கோலை அகற்றுவது. இல்லையேல் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.
* வெட்டும் கத்திகளுக்கு எண்ணெய், கிரீஸ் முனைகளுக்கு கிரீஸ்.
* வி-பெல்ட்களைத் தளர்த்தி வைப்பது.
* ரப்பர் பெல்ட் வெயிலில் காயாமல், வண்டியை நிழலில் நிறுத்துவது.
* பேட்டரி இணைப்பைக் கழற்றுவது.

ஒருநாள் வேலைதான் இது. தேய்ந்த பாகங்களை இப்போதே பட்டறையில் கொடுத்தால், பொறுமையாகச் செய்து வாங்கலாம். அறுவடை நேரத்தில் ஓடினால், மழை நமக்காகக் காத்திருக்காது!