பாதியில் நின்ற அருவாள்

அருவாள் அடிக்கும்போது மூக்கு வளைகிற இடத்தில் கீறல் விழுந்துவிட்டால், அது அருவாளாக முடியாது. அதற்காக அதைக் குப்பையில் வீசும் கொல்லரும் கிடையாது. கீறலைத் தாண்டி வெட்டி எடுத்தால் மிச்சம் ஒரு களைக்கொத்துக்கு ஆகும். இன்னும் குட்டையானால் உளி. அதற்கும் போதாவிட்டால் கதவுக் கொண்டி, மாட்டு லாடம், கடைசியில் ஆணி.

1928-இல் பொன்மலை ரயில்வே பணிமனை, 1965-இல் ‘பெல்’ ஆலை என்று வந்தபிறகு, திருச்சியில் இரும்பு என்றாலே பெரிய இரும்பு என்றாகிவிட்டது. ஆனால் தென்னூர் உழவர் சந்தைக்கு வரும் கீரைக்கட்டும் வாழைத்தாரும் இன்னமும் ஏதோ ஓர் அருவாளின் வாய்க்குத்தான் கடன்பட்டிருக்கின்றன. அந்த அருவாளுக்கு இரும்பு பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து வருகிறது. காரணம் கரி. ஸ்பிரிங் எஃகில் அது சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம், கொண்டி, கிராதிக்குப் போகும் மைல்டு ஸ்டீலில் 0.25-ஐத் தாண்டாது. முன்னதைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தோய்த்தால் வாய் இறுகும். பின்னதை எத்தனை முறை தோய்த்தாலும் அது ஈரமான இரும்புதான்!

ஆக, பாதியில் நின்ற துண்டு கைக்கு வந்தால் முதல் வேலை அதன் ரகத்தை அறிவது. சாணைக் கல்லில் தொட்டுப் பார்க்க வேண்டும். பொறி நீளக் கோடாக ஓடினால் கரி குறைவு. நட்சத்திரமாக வெடித்துக் கிளைவிட்டால் கரி கூடுதல். தோய்ச்சல் ஏற்கெனவே கண்டிருக்கிறதா என்பதை அரம் சொல்லிவிடும்: கடித்தால் இன்னும் மென்மை, வழுக்கினால் இறுகிவிட்டது.

தோய்த்ததோடும் முடிவதில்லை. அந்த நிலையில் எஃகு கண்ணாடியைப் போல நொறுங்கும். மறுபடி இளஞ்சூடு காட்டினால், பளபளப்பாகத் தேய்த்த முகத்தில் நிறங்கள் ஓடும். சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள். கத்திக்கு அது போதும். 300-ஐ நெருங்கும்போது நீலம். அடி தாங்க வேண்டிய கோடாலிக்கு அந்தப் பக்கம் போகலாம்.

தோய்ச்சலே காணாத அருவாளுக்கும் போக்கிடம் உண்டு. கருப்பசாமிக்கும் அய்யனாருக்கும் நேர்ந்து நடும் அருவாள்கள் எந்த மரத்தையும் வெட்டப்போவதில்லை. ஆள் உயரம் இருந்தால் போதும், வாய் மழுங்கலாக இருந்தாலும் சாமி கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

முடிக்காத இரும்பையே சரக்காக விற்ற ஊர்தான் நம்முடையது. கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் தொடங்கிய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிவந்தன. தென்னிந்தியாவின் மூசைகளில் உருவான எஃகுக் கட்டிகள் கத்தியாகாமல் கட்டியாகவே மேற்காசியாவுக்குக் கப்பலேறின. வாளாக அடித்தது அங்கிருந்த கொல்லர்கள். பின்னாளில் அதே எஃகை ஐரோப்பியக் கொல்லர்கள் சிலர் தங்கள் பழக்கப்படி வெள்ளையாகக் காய்ச்சி அடிக்க, அது உதிர்ந்தது. கரி மிகுந்த அந்த எஃகுக்குச் செந்நிறச் சூடே உச்சம்.

துண்டுகள் சேர்ந்தால் என்னவாகும் என்று பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருக்கும் 17-ஆம் நூற்றாண்டுப் பீரங்கி அச்சில் வார்த்ததல்ல. நீளப் பட்டைகளை உருளையாக அடுக்கி, அவற்றின்மேல் காய்ச்சிய வளையங்களை ஏற்றி, அடித்து ஒட்டவைத்தது. நீளம் சுமார் ஏழரை மீட்டர்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சந்தேகமுள்ள துண்டில் உளியோ சுத்தியலோ செய்யக்கூடாது. அடி விழும்போது சில் தெறித்துக் கண்ணுக்குப் போகும். பாரம் தூக்கும் கொக்கியும் கூடாது. கீறலைக் காண எளிய வழி இருக்கிறது: மண்ணெண்ணெய் தடவி, சற்றுப் பொறுத்து நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்கட்டித் தூளைப் பூசினால் கீறல் ஈரக்கோடாக எழும். அப்படி எழுந்தால் சுவரில் சட்டை மாட்டும் ஆணிக்கொக்கிதான் அதற்குச் சரி. கொக்கி இளஞ்சூடாக இருக்கும்போதே தேன்மெழுகைத் தேய்த்துவிட்டால் கறுப்பாக மினுங்கும், சீக்கிரம் துருவும் பிடிக்காது. சம்மட்டித் தழும்புகளை மட்டும் ராவிவிட வேண்டாம். கையால் அடித்தது என்று காட்டத்தான் இப்போது வாங்குகிறவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.