கிராப்பு வெட்டியாயிற்று, பிறகு என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டையாம்பட்டிக் கடைவீதியில் இரண்டு இடங்களில் ஆட்கள் காத்திருப்பார்கள். ஒன்று முறுக்குக் கடை, மற்றொன்று சலூன். முறுக்கு வாங்கியவர் அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய், ஈரம் படாமல் டப்பாவில் போட்டு மூடி வைக்கிறார். சலூனிலிருந்து வருகிறவரோ, காசு கொடுத்து அழகுபடுத்திக்கொண்ட தலையை அப்படிப் பேணுகிறாரா? பெரும்பாலும் இல்லை!

"வெட்டியாயிற்று, இனி ஒரு மாதத்துக்குக் கவலை இல்லை" என்று நினைக்கிறோம். உண்மையில் நம்முடைய வேலை அப்போதுதான் ஆரம்பமாகிறது.

முடி என்பது என்ன?

மனிதனின் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. தோலுக்குள் இருக்கும் வேருக்குத்தான் உயிர் உண்டு. வெளியே தெரியும் முடிக்கு இல்லை. வெட்டும்போது வலிக்காததற்கு அதுவே காரணம். முடி, கெராட்டின் என்ற புரதத்தால் ஆன ஒரு நூல். அதன் மேலே ஓட்டு வீட்டுக் கூரையைப் போல மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. ஓடு ஒழுங்காக இருந்தால் முடி பளபளக்கும். ஓடு பெயர்ந்தால் முடி சொரசொரக்கும், நுனி பிளக்கும்.

தறியில் உட்காருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிசிறு தட்டிய நூல் மறுபடி நல்ல நூலாகாது. பிளந்த நுனியும் அப்படித்தான். எந்தத் தைலமும் அதை நிரந்தரமாக ஒட்டவைக்காது. அந்த நுனியை வெட்டி எறிவதுதான் வழி. நீண்ட கூந்தல் உள்ள பெண்களும் சில மாதங்களுக்கு ஒருமுறை நுனியைக் கத்தரித்துக்கொள்வது இதற்காகத்தான்.

"வெட்ட வெட்ட முடி அடர்த்தியாக வளரும்" என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. சவரம் செய்வதால் முடியின் வளர்ச்சி மாறுகிறதா என்று அமெரிக்க உடற்கூறு அறிஞர் மில்ட்ரெட் ட்ராட்டர் அளந்து பார்த்து, மாறுவதில்லை என்று 1928-ல் எழுதினார். வெட்டிய முடியின் முனை மழுங்கலாக இருப்பதால் கைக்குத் தடிமனாகப் படுகிறது, அவ்வளவுதான். வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே, கிராப்பு கலையாமல் இருக்க நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டால் போதும்.

முதல் நாள்: குளியல்

வெட்டிக்கொண்டு வந்தவுடன் குளிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல வழக்கந்தான். ஆனால் காரணத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். துணுக்கு முடிகள் பிடரியிலும் காதோரத்திலும் ஒட்டிக்கொண்டு, வியர்வையோடு சேர்ந்து அரிப்பைத் தருகின்றன. சொறிந்தால் புண்ணாகும். அதற்காகக் குளிக்க வேண்டும். "தீட்டு" என்று சொல்லிக் குளிப்பது, நமக்கு அழகு செய்து அனுப்பிய மனிதரை அவமதிப்பது. கிராமங்களில் முடிதிருத்திய குடும்பங்களே ஒரு காலத்தில் வைத்தியமும் பார்த்தன. அந்த வீட்டுப் பெண்களே பிரசவமும் பார்த்தார்கள். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் உண்டு. அவர்கள் கை பட்டுப் பிறந்த ஊர், அவர்கள் கை பட்டதற்குத் தீட்டுக் கழிப்பது என்ன நியாயம்?

பிளேடில் கவனம்!

கிருதாவையும் பிடரியையும் ஒதுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலை வகையான ஹெபடைடிஸ் பி பரவ இடம் உண்டு. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடிருக்கும். இதற்கான தடுப்பூசி 2011-லிருந்துதான் இந்தியா முழுவதும் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. ஆகவே பெரியவர்களில் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

"அண்ணா, புது பிளேடு போட்டுக்குங்க" என்று கேட்பதில் கூச்சம் எதற்கு? "உங்க முன்னாடியே பிரிக்கிறேனுங்க" என்பார் நல்ல தொழிலாளி. பிளேடை இரண்டாக உடைத்துப் புதிதாக மாட்டுவதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஒரே படிகாரக் கல்லை எல்லோர் முகத்திலும் தேய்ப்பதும் கூடாது. துண்டும் சீப்பும் சுத்தமாக இருக்கட்டும். வீட்டிலிருந்தே ஒரு துண்டு எடுத்துப் போனால் இன்னும் நல்லது. நாலு ரூபாய் கூடக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அது உங்கள் உடம்புக்குக் கொடுக்கும் கூலி.

படையும் களிம்பும்

வெட்டிக்கொண்ட சில நாளில் பிடரியில் வட்டமாகச் சிவந்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். குழந்தைகளுக்குத் தலையில் முடி கொட்டி வட்டவட்டமாகத் திட்டு விழும். உடனே மருந்துக்கடைக்குப் போய் "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று கேட்டு வாங்கிப் போடுகிறோம். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டு நாள் அரிப்பு அடங்கும். பிறகு படை முன்னைவிட விரிவாகப் பரவும். இப்படிப்பட்ட 14 களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. குழந்தையின் தலையில் வரும் படைக்கு மேல்பூச்சு மட்டும் போதாது. உள்ளுக்கும் மருந்து வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

அரப்பா, ஷாம்புவா?

சேலம், நாமக்கல் பக்கத்தில் அரப்புத்தூள் இல்லாத வீடு முன்பு இருந்ததில்லை. உசிலை மரத்து இலையைக் காயவைத்து அரைத்த தூள் அது. சீயக்காயில் உள்ளது போன்ற நுரைக்கும் பொருள் அதிலும் உண்டு. எண்ணெயை நன்றாக எடுக்கும். ஷாம்பு பணக்காரர் சரக்காக இருந்த நாளில், அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்துக் கிராமத்துக்குக் கொண்டுவந்ததில் நம் கடலூருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே சின்னி கிருஷ்ணன் பாக்கெட்டில் அடைக்கும் வழியைக் காட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிறு முதலோடு தொழில் தொடங்கிச் சிக் ஷாம்புவை விற்றார்.

எதைப் போட்டாலும் சரி, நன்றாக அலசுங்கள். உப்புத்தண்ணீரில் குளியல் சோப்பை மட்டும் தலைக்குப் போடாதீர்கள். தண்ணீரிலுள்ள சுண்ணச்சத்தும் சோப்பும் சேர்ந்து வெள்ளைக் கசடாக முடியில் படியும். ஈர முடி வலுவில்லாதது. துண்டால் அடித்துத் துவட்டாமல் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு இழுத்துச் சீவாதீர்கள். பல் அகன்ற சீப்பு போதும்.

எண்ணெய் எவ்வளவு?

தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2003-ல் வெளிவந்தது. தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைத்தது என்று அது கண்டது. அந்த ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தவர் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த எண்ணெய் முடிக்குள் ஊறும் தன்மை உள்ளது. குளிப்பதற்கு முன் கொஞ்சம் தடவினால் போதும். குட்டைக் கிராப்புக்கு இன்னும் குறைவு.

பொடுகு உள்ளவர்கள் இரவெல்லாம் எண்ணெய் ஊறவைக்கக் கூடாது. பொடுகுக்குத் துணைபோகும் கிருமிக்கு எண்ணெய்தான் சாப்பாடு! சாயம் பூசுகிறவர்கள் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ வீக்கமோ வந்தால் அந்தச் சாயம் வேண்டாம்.

பயப்பட வேண்டாம்

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயற்கை. டெங்கு, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பிறகும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். அந்த நேரத்தில் சலூனுக்குப் போனவர் சலூன்காரரைக் குறை சொல்வார். அவர் மேல் பிழை இல்லை. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் முடி திரும்பி வரும். வராவிட்டால் இரத்தசோகையும் தைராய்டும் உண்டா என்று சோதிக்க வேண்டும். விளம்பரத் தைலத்துக்குப் பணத்தைக் கொட்டாமல், பருப்பும் கீரையும் முட்டையும் வாங்கிச் சாப்பிடலாம்.

அடுத்த ஞாயிறு சலூன் நாற்காலியில் உட்காரும்போது முதலில் பிளேடைப் பாருங்கள். கண்ணாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.