நெல் பூக்கும்போது டிக்கெட் எடுங்கள்!
மாட்டுக்கும் மடைக்கும் ஆள் சொல்லிவிட்டு, தம்பதியாகச் சென்னை போய்வர ஒரு திட்டம்

ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போன ஊர் ஒரத்தநாடு. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தன் அன்புக்குரிய முத்தம்மாளின் நினைவாகக் கட்டிய முத்தம்பாள் சத்திரம் இங்குதான் இருக்கிறது. அதனால்தான் ஊருக்கே முத்தம்பாள்புரம் என்றும் ஒரு பெயர் உண்டு. வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டுப் பெயர் வாங்கிய இந்த மண்ணில், கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியூர் போய் இரண்டு இரவு தங்கி வருவது இன்றும் பல விவசாயக் குடும்பங்களில் நடக்காத காரியம்.

கல்யாணமோ கருமாதியோ, ஒருவர் போனால் ஒருவர் வீட்டில் இருப்பார். பெரும்பாலும் வீட்டில் இருப்பவர் மனைவிதான். "நீங்க போயிட்டு வாங்க, மாட்டை யார் பாக்குறது?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்படியே 25, 30 வருஷம் ஓடிவிடும். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன பிறகும் சென்னையைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த பெண்கள் டெல்டா கிராமங்களில் ஏராளம்.

பணம் மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. நாள் குறிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பட்டணத்தை வைத்து நாள் குறித்தால் பயணம் கடைசி நேரத்தில் நின்றுபோகும். வயலை வைத்து நாள் குறித்தால் பெரும்பாலும் நிற்காது.

வயல் சொல்லும் நாள்

கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில், மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தொடங்கி சம்பா நடவு முடியும் வரை இருவரும் நகர முடியாது. நவம்பர், டிசம்பரில் இங்கே வடிகால் கவலை, சென்னையிலும் மழை. பொங்கலை ஒட்டி ரயிலிலும் கடற்கரையிலும் கூட்டம் நெரியும். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலோடு பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆக, சம்பா அறுத்த பின் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடியும் வரைதான் தோதான காலம்.

ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்பு தொடங்குகிறது. 2024 அக்டோபர் வரை இது 120 நாளாக இருந்தது. இப்போதைய 60 நாள் கணக்கு நெல் விவசாயிக்கு நன்றாகவே பொருந்துகிறது. கதிர் பூத்ததிலிருந்து ஏறத்தாழ 30 நாளில் நெல் அறுவடைக்கு வரும். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, ஈரம் காயாத மண்ணில் தரிசு உளுந்து தெளிப்பார்கள். ஆடுதுறை 3 போன்ற உளுந்து 30 முதல் 35 நாளில் பூக்கும். அப்போது 2 சதவீத டிஏபி கரைசல் ஒரு முறை, 15 நாள் கழித்து இன்னொரு முறை தெளிக்க வேண்டும். முதல் தெளிப்பு முடிந்த கையோடு கிளம்பினால், இரண்டாம் தெளிப்புக்கு முன் நிதானமாகத் திரும்பிவிடலாம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், நெல் பூத்த நாளிலிருந்து ஏறக்குறைய 57, 58 நாள் வருகிறது. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக்கு வரவும் இடைவெளி கிடைக்கும். அதனால், வயலில் நெல் பூப்பதைப் பார்த்த வாரத்திலேயே டிக்கெட் எடுத்துவிடலாம்.

மார்கழிப் பட்டத்தில் நிலக்கடலை போட்டவர்கள் கணக்கு வேறு. 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்து, ஒரு தண்ணீரும் கட்டிவிட்டுக் கிளம்புவது நல்லது. விழுது இறங்கிக் காய் பிடிக்கும் நேரத்தில் வயல் காயக் கூடாது என்பதால், அடுத்த தண்ணீர் நாளுக்கு முன்பே திரும்ப வேண்டும்.

அறுவடை தள்ளிப்போனால் டிக்கெட்டை ரத்து செய்துகொள்ளலாம். முன்கூட்டியே ரத்து செய்தால் பிடித்தம் குறைவு, கிளம்பும் நேரம் நெருங்க நெருங்கக் கூடும்.

மாடு சம்மதிக்க வேண்டும்

வயல் இரண்டு நாள் பொறுக்கும். மாடு ஒரு வேளைகூடப் பொறுக்காது. மாட்டுக்குச் சினைக்காலம் சராசரி 280 நாள். கன்று ஈன 15 நாள் இருக்கும்போதும், ஈன்ற முதல் மாதத்திலும் பயணமே வேண்டாம். ஈனுவதற்கு 60 நாள் முன்பு பால் வற்றவைப்பது வழக்கம். வற்றிய முதல் மாதத்தில் பயணம் அமைந்தால் கறவைக் கவலையே இல்லை.

கறவை மாடு என்றால் பங்காளி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. புதுக் கை பட்டால் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். அடங்கிய பால் மடியிலேயே தங்கினால் மடிநோய்க்கு வழியாகும். எனவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கறக்கப் போகிறவர் தினமும் ஒரு வேளை வந்து கறந்து பழக வேண்டும். முதல் இரண்டு நாள் வீட்டம்மா பக்கத்தில் நின்றால் மாடு சீக்கிரம் பழகிவிடும். அந்த வாரத்தில் தீவனத்தை மாற்றக் கூடாது.

சினைப் பருவம் 21 நாளுக்கு ஒரு முறை வரும். அடுத்த பருவம் பயண நாளில் விழுமா என்று பார்த்து, விழுந்தால் ஊசி போடுபவருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. உள்ளூர்க் கால்நடை மருந்தக எண்ணையும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் 1962 என்ற எண்ணையும் கொட்டகையில் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

எந்த வண்டி, எந்தக் கிழமை?

ஒரத்தநாட்டில் ரயில் நிலையம் இல்லை. பட்டுக்கோட்டைச் சாலையில் பேருந்து ஏறித் தஞ்சாவூர் போக வேண்டும். அங்கிருந்து இரவில் கிளம்பும் உழவன் விரைவு ரயில் கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம், விழுப்புரம் வழியாக விடியற்காலையில் சென்னையை அடைகிறது. படுத்துத் தூங்கிக்கொண்டே போகலாம் என்பதால் முதல் பயணத்துக்கு இதுவே வசதி. எழும்பூர் நிலைய மறுசீரமைப்புப் பணிகளால் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துவதும் உண்டு. எந்த நிலையம் வரை என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். 139 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

டிக்கெட்டில் வயதைச் சரியாகக் குறிப்பிடுவது முக்கியம். 45 வயதான பெண்களுக்கும் 60 வயதான ஆண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்குவதில் முன்னுரிமை உண்டு. முழங்கால் வலியோடு மேலே ஏறும் பாடு மிச்சமாகும். இருவரும் அசல் ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். விடுதியிலும் அதைக் கேட்பார்கள்.

பேருந்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்புபோல் கோயம்பேட்டில் இறங்க முடியாது. 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்த கிளாம்பாக்கம் முனையத்தோடு தென்மாவட்டப் பேருந்துகள் நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகரின் நடுப்பகுதிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போக வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. சனி, ஞாயிறில் எங்கும் கூட்டம். செவ்வாய் இரவு ரயிலேறி, புதன், வியாழன் இரண்டு நாளும் பார்த்துவிட்டு, வியாழன் இரவே திரும்பினால் எல்லாம் ஒத்துவரும். வண்டலூருக்கு மட்டும் ஒரு பகல் முழுக்கத் தேவை. இரண்டே நாள் என்றால் அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

தங்குவது எழும்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதியாக இருந்தால் திரும்பும்போதும் அலைச்சல் இல்லை. சொந்தக்காரர் வீடு இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். போய் ஒரு வேளை சாப்பிட்டுப் பேசிவிட்டு வரலாம். அங்கேயே தங்கினால் வீட்டம்மாவுக்கு ஊரில் விட்ட அடுப்படி சென்னையில் தொடரும்.

புதன்: அருங்காட்சியகம், கடற்கரை

விடியற்காலையில் இறங்கி, குளித்து, இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் போதும். 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் எழும்பூரிலேயே பாந்தியன் சாலையில் இருக்கிறது. உள்ளே போனால் வெண்கலச் சிலைக் கூடத்தைத் தவறவிடக் கூடாது. அங்குள்ள சிலைகளில் பல, சோழநாட்டுக் கிராமங்களில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த புதையலைக் கண்டெடுத்தவர் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அப்படித்தான் பல சிலைகள் இங்கே வந்து சேர்ந்தன. திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரீஸ்வரர் சிலையும் இங்கேதான் இருக்கிறது. பாதி ஆணும் பாதி பெண்ணுமாக ஒரே உடலாய் நிற்கும் அந்தச் சிலையைத் தம்பதியாகப் பார்ப்பது பொருத்தம்தான்.

மதியம் ஓய்வு. வெயில் தாழ்ந்ததும் மெரினா. அதிராம்பட்டினத்துக் கடலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே எச்சரிக்கை தேவை. அது பாக் நீரிணையின் அமைதியான கடல். மெரினாவில் அலையும் உள்ளிழுப்பும் பலம். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வியாழன்: கோயம்பேடு, மயிலாப்பூர், மாம்பலம்

எழும்பூரிலிருந்து கோயம்பேட்டுக்கு மெட்ரோ ரயிலில் மாறாமல் போகலாம். காலை 6 மணிக்குள் போய்ச் சேர்ந்தால் 1996இல் திறந்த மொத்த விற்பனைச் சந்தையின் மும்முரத்தைப் பார்க்கலாம். வாழைத்தாரையும் காயையும் எப்படித் தரம் பிரிக்கிறார்கள், எதைக் கழிக்கிறார்கள், எந்த மாதிரிச் சிப்பத்துக்கு விலை கூடுகிறது என்று ஒரு மணி நேரம் நின்று கவனித்தால், ஊரில் வியாபாரி சொல்லும் காரணங்களில் எது நிஜம் என்று விளங்கும். இருவரும் பார்ப்பதில் லாபம் உண்டு. அறுத்துக் கழித்துக் கட்டும் வேலை பல வீடுகளில் பெண்கள் கையில்தானே இருக்கிறது!

திரும்பிவந்து சாப்பிட்டபின் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் அதற்குள் போக வேண்டும். மாலையில் கடைவீதி. எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் மாம்பலம் இறங்கினால் நிலையத்தை ஒட்டியே ரங்கநாதன் தெரு. புடவை, பாத்திரம் என்று என்ன வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது என்பதை ஊரிலேயே பேசி எழுதிக்கொண்டு போனால் அங்கே வாக்குவாதம் வராது.

நகரப் பேருந்தில் ஒரு சலுகை உண்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்புறம் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பேருந்துகளைப் பார்த்து ஏறலாம். வீட்டுக்காரர் மட்டும் காசு கொடுத்தால் போதும்.

தொலைந்துவிட்டால்?

முதல் பயணத்தில் மனசுக்குள் இருக்கும் பெரிய பயம் இதுதான். கிளம்பும் முன்பே மூன்று விஷயங்களைப் பேசி முடிவு செய்துவிட்டால் பயம் பாதியாகும்.

* இருவரிடமும் தனித்தனிக் கைப்பேசி. விடுதியின் பெயர், முகவரி, இருவர் எண்கள் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும். பேட்டரி தீர்ந்தாலும் சீட்டு பேசும். பணமும் பாதிப் பாதியாக இருவரிடமும் இருக்க வேண்டும்.
* ரயிலில் ஒருவர் ஏறி, மற்றவர் ஏறுவதற்குள் கதவு சாத்திவிட்டால், ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். விடுபட்டவர் அடுத்த வண்டியில் வந்து சேர வேண்டும். இருவருமே மாறி மாறி ஓடினால்தான் தொலைவது.
* கடைவீதியில் கூட்டத்தில் பிரிந்தால் சந்திக்கும் இடம் மாம்பலம் நிலையத்தின் படிக்கட்டு. தேடி அலையாமல் நேராக அங்கே போய்விட வேண்டும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு உதவி எண் 181.

நகரும் படிக்கட்டில் புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பயமாக இருந்தால் மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. ஆட்டோவில் ஏறும் முன் கூலி பேசிவிட வேண்டும். மெட்ரோவில் வாங்கும் சீட்டை வெளியே வரும்வரை தொலைக்கக் கூடாது.

திரும்பிய பிறகு

வெள்ளி காலை வீடு வந்ததும் முதல் வேலை, மடியைத் தொட்டுப் பார்ப்பது. கல்போல் வீங்கியிருந்தாலோ பாலில் திரி இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடுத்தது வயலை ஒரு சுற்றுச் சுற்றிவருவது. அன்றைக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது உத்தமம்.

இரண்டு நாள் மாட்டைப் பார்த்துக்கொண்டவருக்குக் கூலி கொடுத்தால் வாங்க மாட்டார். சென்னையிலிருந்து வாங்கிவந்த ஏதாவது ஒன்றைக் கொடுக்கலாம். அதைவிட நல்லது, அவர்கள் எப்போது போகிறார்கள் என்று கேட்டு வைப்பது. நடவுக்கும் அறுப்புக்கும் கைமாற்றாக வேலை செய்து பழகிய ஊர்களில், பால் கறப்பதையும் மடை பார்ப்பதையும் அப்படி மாற்றிக்கொள்ள முடியாதா என்ன! அவர்கள் மாட்டுக்கு இவர்கள் கை பழக ஒரு வாரம் போதும்.