காபி போடுகிற துண்டு

செம்பட்டி பேருந்து நிலையத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே விழும். ஆள் இன்னும் வெளியேதான் நிற்கிறார். ஆனாலும் அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார முடியாது. காபி நம் மூளைக்குள் செய்கிற வேலை இதுதான்.

உடலின் செல்கள் ஏடிபி என்ற மூலக்கூறை உடைத்துத்தான் சக்தி பெறுகின்றன. அந்தச் செலவில் மிச்சமாகச் சேர்வது அடினோசின். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அதுவும் கூடும். செல்களின் மேல் இருக்கிற ஏற்பிகளில் போய் உட்கார்ந்து, ‘போதும், படு’ என்று சொல்லும். ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3 என்று அந்த இருக்கைகளில் நாலு வகை. மூளையில் தூக்கம் தருகிற இதே அடினோசின் இதயத்தில் துடிப்பை மட்டுப்படுத்தும், ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயைச் சுருக்கும். இதயத்தின் மேல் அதன் வேலையை ட்ரூரியும் சென்ட்-ஜ்யோர்ஜியும் 1929இலேயே எழுதிவிட்டார்கள்.

காபியில் இருக்கிற காஃபினின் உருவம் அடினோசினுக்குப் பங்காளி மாதிரி. அதனால் அதே இருக்கையில் போய் விழும். ஆனால் எந்தச் சேதியும் சொல்லாது. துண்டு கிடப்பதால் பஸ்ஸில் நிற்கிற கூட்டம் குறைகிறதா என்ன? அடினோசின் பாட்டுக்குச் சேர்ந்துகொண்டே இருக்கும். காஃபின் கழிந்து துண்டை எடுத்ததும் நின்றவர்கள் எல்லாரும் மொத்தமாக உட்காருவார்கள். தினமும் நாலைந்து காபி குடிப்பவரின் மூளை, இடம் போதவில்லை என்று கூடுதல் சீட்டு வேறு போட்டுக்கொள்ளும். விரத நாளில் காபி இல்லாமல் மண்டை இடிப்பது அதனால்தான். சாமி குற்றம் இல்லை.

செம்பட்டி நால்ரோட்டில் திண்டுக்கல், மதுரை, பழனி, வத்தலக்குண்டு என்று வழி பிரிகிறது. ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறியும் கேரளம் போகிற சரக்கும் ராத்திரியில்தான் ஓடும். “கண்ணு சொக்குதுண்ணே” என்று இறங்குகிற டிரைவருக்கு, “ஸ்ட்ராங்கா ஒண்ணு குடிச்சிட்டுப் போ தம்பி” என்பதுதான் இங்கே முதலுதவி. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் காபி முழுசாக வேலை காட்ட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் வண்டி இருபது கிலோமீட்டர் தாண்டியிருக்கும். அந்த இடைவெளியில்தான் கண் திறந்தபடியே மூளை இரண்டு மூன்று விநாடி தூங்கிப்போகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி என்றால் 50 மீட்டர். ஸ்டீயரிங்கைப் பார்க்க ஆள் இல்லாத 50 மீட்டர்.

சேர்ந்த அடினோசினைக் குறைப்பது தூக்கம் மட்டுமே. காபியைக் குடித்த கையோடு வண்டியை ஓரங்கட்டி 20 நிமிடம் படுங்கள். எழும்போது கூட்டமும் கொஞ்சம் கலைந்திருக்கும், துண்டும் விழுந்திருக்கும்.

“படுத்தா முதலாளி விடுவாரா?” என்று கேட்பீர்கள். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் நடுவில் அரை மணியாவது ஓய்வு என்பது 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்ட கணக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு அந்த நேரக் கணக்கையே சரக்கு, பயணிகள் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் வைத்தது. ஆகவே தூக்கம் முதலாளி போடும் பிச்சை அல்ல. மறுத்தால் திண்டுக்கல்லில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். ட்ரிப் ஷீட்டை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை நிற்காது.

அளவு? 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபின் இருக்கும் என்றும், நாளுக்கு 300ஐத் தாண்ட வேண்டாம் என்றும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்னது. பட்டிவீரன்பட்டிப் பக்கம், தாண்டிக்குடி மலையில் விளையும் காபி பெரும்பாலும் அராபிகா. ரோபஸ்டாவில் ஏறக்குறைய இரட்டிப்பு காஃபின். சிக்கரியில் காஃபினே இல்லை. அது எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும், 49ஐத் தாண்டவும் கூடாது.

எனக்குக் கோபம் வருவது பெட்டிக்கடையில் தொங்கும் எனர்ஜி பானங்களைப் பார்த்துத்தான். லிட்டருக்கு 300 மில்லிகிராம் காஃபின் என்பது சட்ட வரம்பு. 250 மில்லி டின்னுக்குக் கணக்குப் போட்டால் 75தான், காபியை விடக் குறைவு. ஆனால் சூடான காபியை ஊதி ஊதிக் குடிப்போம். இதைப் பள்ளிப் பையன் ஒரே மூச்சில் இறக்குகிறான். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் உகந்ததல்ல என்ற எச்சரிக்கை லேபிளில் கட்டாயம். ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை. எந்தப் பாட்டி படித்துப் பேரனைத் தடுப்பாள்? எச்சரிக்கையே இல்லாத பாட்டில் கிடைத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். சந்தேகமான பொருளைக் கட்டணம் கட்டிப் பரிசோதிக்க, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வாங்குபவருக்கே உரிமை தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். நஷ்டஈடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் கிடையாது.

துண்டு போடுகிற இன்னொரு ஆள் நம் வீட்டு அலமாரியிலேயே உண்டு: வீசிங்குக்குத் தருகிற தியோபிலின் மாத்திரை. அடினோசினைத் தடுப்பதும் அது செய்யும் வேலைகளில் ஒன்று. மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. அதோடு சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் ரத்தத்தில் தியோபிலின் ஏறிவிடும். வாந்தி, நடுக்கம், படபடப்பு, முற்றினால் வலிப்பு. பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மெடிக்கலில் அவற்றை நீங்களாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். பீடியை நிறுத்தினாலும் அளவு ஏறும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சிலருக்கு இதயம் திடீரென நிமிடத்துக்கு 180, 200 என்று அடிக்க ஆரம்பிக்கும். அந்தத் துடிப்பில் ஒரு வகையை நிறுத்த அடினோசினையே ஊசியாகப் போடுவார்கள்: முதலில் 6 மில்லிகிராம், தேவைப்பட்டால் 12. சில விநாடி நெஞ்சு அடைத்து உயிர் போகிற மாதிரி இருக்கும், உடனே தெளியும். அப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. தனக்கு ஆஸ்துமா உண்டு என்பதை நோயாளியும் மறைக்கக் கூடாது. சற்று முன்புதான் காபி குடித்திருந்தால் இருக்கையில் ஏற்கெனவே துண்டு கிடக்கும், ஊசி சரியாகப் பிடிக்காது. அவசரப் பிரிவில் நர்ஸ், “கடைசியா எப்பம்மா காபி குடிச்சீங்க?” என்று கேட்டால் நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள்.