அழிக்க முதல் ஒரு ஸ்க்ரீன்ஷொட்

மார்க்கத்து அக்காமார், அண்ணாமாருக்கு இது. தம்பி தங்கச்சியை குரூப் சட்டில ஆரும் நக்கலடிச்சு அழவைச்சா, ‘வீட்டில இருக்கேக்க நடந்ததுதானே, ஸ்கூலுக்கு என்ன’ எண்டு விட்டுடாதேங்கோ. இணையத்தில நடக்கிறதும் புல்லியிங்தான் என்று ஒன்டாரியோவின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது பள்ளிச் சூழலைப் பாதித்தால் அதிபர் கவனிக்கவேணும்.

சேர்வர் விழுந்தா நான் முதல்ல பாக்கிறது லொக். இங்கயும் அதேதான்: திகதி, நேரம், யூசர்நேம் தெரிய ஸ்க்ரீன்ஷொட் எடுங்கோ. பதில் எழுதாம பிளொக் பண்ணுங்கோ. அம்மா அப்பாவுக்கு இங்கிலீஷ் கஷ்டமெண்டா, அதிபருக்குப் போற ஈமெயிலை நீங்களே எழுதிக் குடுங்கோ.

நடுச்சாமத்தில கதைக்க ஆள் தேவையெண்டா, கிட்ஸ் ஹெல்ப் போன் 24 மணிநேரமும் இருக்கு: 686868க்கு டெக்ஸ்ட் பண்ணலாம்.

போனை மட்டும் பறிக்காதேங்கோ. பறிச்சா, அடுத்தமுறை உங்களிட்டச் சொல்லமாட்டினம்.