கரண்ட் மட்டும் போதுமா, மருந்தும் ஏற்ற வேண்டுமா?

வன்னியில் நம்மவர்கள் கதிர்ச் சிகிச்சையைக் 'கரண்ட் பிடிக்கிறது' என்பார்கள். கீமோதெரபி 'மருந்து ஏத்துறது'. தண்ணீரூற்றிலோ சாளம்பைக்குளத்திலோ ஒரு வீட்டுக்குள் புற்றுநோய் வந்துவிட்டால், "ஸேர், மருந்து ஏத்தினா வாப்பா தாங்க மாட்டாராம். கரண்டோட விட்டா என்ன?" என்று தமிழ் படிப்பிக்கிற என்னிடமும் கேட்பார்கள். நான் வைத்தியன் அல்ல. நாசித்தொண்டைப் புற்றுநோயில் இந்தக் கேள்விக்கு ஆய்வுகள் தரும் பதிலை மட்டும் சொல்கிறேன்.

நாசித்தொண்டை என்பது மூக்கின் பின்புறம், மண்டையோட்டின் அடித்தளத்தோடு ஒட்டிய இடம். அங்கே கத்தி வைப்பது கடினம். ஆனால் இந்தக் கட்டி கதிருக்கு நன்றாகக் கரையும். அதனால் கதிர்தான் முதல் சிகிச்சை. பல காலம் அது மட்டுமே கொடுக்கப்பட்டது.

1998இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இதை மாற்றியது. நோய் முற்றிய 147 பேரில் ஒரு பிரிவினருக்குக் கதிர் மட்டும். மற்றப் பிரிவினருக்குக் கதிரோடு சிஸ்பிளாட்டின் மருந்தும், பின்னர் மேலும் மருந்துகளும். மூன்று வருடங்களின் பின் முதற் பிரிவில் 47 சதவீதமானோரும் இரண்டாம் பிரிவில் 78 சதவீதமானோரும் உயிரோடிருந்தார்கள். 2015இல் 19 ஆய்வுகளின் 4806 நோயாளிகளைத் திரட்டிப் பார்த்தபோது வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. ஆனாலும் ஐந்து வருட முடிவில், நூற்றுக்கு ஆறு பேர் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள்.

காரணம் இரண்டு. மருந்து, புற்றுக் கலங்களைக் கதிருக்கு மேலும் இளக்குகிறது. கதிர் விழாத இடத்துக்கு ஓடிப்போன கலங்களையும் இரத்தத்தோடு சென்று தேடுகிறது.

அப்படியென்றால் எல்லாருக்கும் மருந்து வேண்டுமா? இல்லை. நோய் முதலாம் கட்டத்திலேயே பிடிபட்டால் கதிர் மட்டும் போதும். அதற்கு அடுத்த நிலையிலும் ஆபத்துக் குறைந்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட 341 பேரிடம் சீனாவில் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. மூன்று வருடங்களின் பின் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், கதிர் மட்டும் பெற்றோரில் 90.5 சதவீதம், இரண்டும் பெற்றோரில் 91.9 சதவீதம். பலன் ஏறக்குறைய ஒன்றுதான், வாந்தியும் வேதனையும் குறைவு.

ஆகவே "ஆள் தாங்குமா?" என்ற கேள்விக்கு முன்னால் "எத்தனையாம் கட்டம்?" என்ற கேள்வி வரவேண்டும். மூன்றாம், நான்காம் கட்டத்தில் பயத்தினால் மருந்தை மறுப்பது, கையிலிருக்கும் வாய்ப்பை நாமே குறைப்பதாகும்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் தாக்கக்கூடியது. அதனால்தான் நிறையத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். அந்த நாட்களில் நோன்பு பிடித்து உடம்பை வறள விடுவது ஆபத்து. நோயாளிக்குக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது. கதிர் உமிழ்நீரை வற்றச் செய்யும். ஆகையால் தொடங்குமுன் பல்லைக் காட்டி, எடுக்க வேண்டியதை எடுத்துவிட வேண்டும்.

கதிர், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் போகும். தெல்லிப்பழையோ மகரகமவோ, எங்கே போனாலும் தங்குமிடத்துக்கும் துணைக்கு ஓர் ஆளுக்கும் முதலிலேயே ஏற்பாடு செய்யுங்கள். இடையில் நிறுத்தினால் நோய்க்கு மூச்சு விட இடம் கிடைத்துவிடும்.

கழுத்தில் வலியில்லாத கட்டி, ஒரு காது மட்டும் அடைப்பு, சளியில் இரத்தம். இவற்றில் ஒன்று இரண்டு மூன்று வாரம் நீடித்தாலே காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தே ஏற்றாமல் தப்புகிற வழி அதுதான்.